கரடி காடியான கதை: மரபணுவில் நுழையும் போலி எழுத்துகள்

கொரோனா ஆண்டுகளின் மருந்துச் சீட்டுகளை யாராவது பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? நான் வைத்திருக்கிறேன். செம்பூரில் எங்கள் கட்டடத்தில் இருக்கும் பாதிக் குடும்பங்கள், "ஸார், நீங்க லேபுல இருந்தவர்தானே, இதக் கொஞ்சம் பாருங்க" என்று கொண்டுவந்து கொடுத்த நகல்கள் அவை. புரட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு ஒரு மருந்து ஆட்சி செய்திருப்பது தெரிகிறது. 2020இல் ஃபாவிபிராவிர். நம் மும்பையிலேயே தலைமையகம் கொண்ட கிளென்மார்க் நிறுவனம் அந்த ஜூன் மாதம் ஃபாபிஃப்ளூ என்ற பெயரில், மாத்திரை ஒன்று 103 ரூபாய் என்று வெளியிட்டது. 2021 ஏப்ரலில் ரெம்டெசிவிர் ஊசி. ஊரே அதற்காக மருந்துக் கடை மருந்துக் கடையாக அலைந்தது. 2022 ஜனவரியில், மும்பையில் ஒரே நாளில் 20 ஆயிரம் பேருக்கு மேல் தொற்று என்று கணக்கு வந்த வாரத்தில், மோல்னுபிராவிர் காப்ஸ்யூல்.

இந்த மூன்றும் ஒரே சாதி மருந்துகள். மரபு எழுத்துகளைப் போல வேடம் போட்ட போலி எழுத்துகள். வேதியியலார் இவற்றை நியூக்ளியோடைடு ஒப்புருக்கள் என்பார்கள். நான் இந்தக் கட்டுரையில் 'போலி' என்றே சொல்லிவிடுகிறேன், வாய்க்குச் சுலபம். இவற்றில் சில, வைரஸை மட்டும் ஏமாற்றிவிட்டுப் போய்விடும். சில, நம் செல்களின் டி.என்.ஏ.வுக்குள்ளும் உட்கார்ந்து மியூட்டேஷன் என்கிறோமே, அந்த மரபுப்பிறழ்வை உண்டாக்க வல்லவை. எது எப்படி, எப்போது பயப்பட வேண்டும், எப்போது பயந்து மருந்தை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து என்பது நம் குடும்பங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய சங்கதி.

முதலில் எழுத்துகளைப் பார்ப்போம். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் ஏறக்குறைய 600 கோடி எழுத்திணைகள் கொண்ட டி.என்.ஏ. ஏடு இருக்கிறது, அம்மா வழியில் 300 கோடி, அப்பா வழியில் 300 கோடி. எழுத்துகளோ நான்குதான்: அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின். அடினைனுக்கு எதிரே தைமின், குவானைனுக்கு எதிரே சைட்டோசின் என்று ஜோடி. ஆர்.என்.ஏ.வில் தைமினுக்குப் பதில் யுராசில். எழுத்து உட்கார்ந்திருக்கும் சர்க்கரையிலும் ஒரு சின்ன வேறுபாடு உண்டு: ஆர்.என்.ஏ. எழுத்தில் ஓர் ஆக்சிஜன் அதிகம். இந்த ஒற்றை ஆக்சிஜனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதுதான் வில்லங்கம் செய்யப் போகிறது.

செல் பிரியும்போதெல்லாம் இந்த ஏட்டைப் பார்த்து இன்னொரு பிரதி எழுதியாக வேண்டும். பாலிமரேஸ் என்ற நொதிதான் எழுத்தர். அவர் தோராயமாக லட்சம் எழுத்துக்கு ஒரு பிழை செய்வார். செய்த கையோடு தாமே திரும்பிப் பார்த்து அழித்து எழுதுவதால் அது கோடிக்கு ஒன்றாகக் குறையும். அதற்குப் பிறகு, பொருந்தாத ஜோடிகளைத் தேடித் திருத்துகிற தனிப் பணியாளர் கூட்டம் ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போகும். கடைசியில் மிஞ்சுவது 100 கோடி எழுத்துக்கு ஒரு பிழை, அல்லது அதற்கும் குறைவு. நம் சங்க மலரின் பிழைதிருத்துவோர் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் இப்படி ஒரு மெய்ப்பு பார்க்கும் வேலையை மனிதர்கள் யாரும் செய்ததில்லை.

இவ்வளவு காவலையும் தாண்டிப் போலி எப்படிப் பிழை உண்டாக்குகிறது? இதற்கு நம் ஓலைச்சுவடிகளிலேயே உதாரணம் இருக்கிறது. பழைய ஏடுகளில் ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வடிவத்தில் வேறுபாடு கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் வைக்க மாட்டார்கள். உ.வே.சா. போன்ற பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. ஓலையில் 'கரடி' என்று எழுதினாலும் 'காடி' என்று எழுதினாலும் ஒரே கோலம்தான். பார்த்து எழுதுபவர் ஒருவர் கரடி என்று பிரதி செய்வார், இன்னொருவர் புளித்த காடி என்று பிரதி செய்வார். (நம் மும்பைப் பிள்ளைகள் பார்த்தால் லோக்கல் காடி வந்துவிட்டது என்பார்கள்!) எழுத்தர் யாரும் தவறு செய்யவில்லை. எழுத்தே இரண்டு விதமாகப் படிக்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். திருத்துபவர் வந்து பார்த்தாலும், இரண்டும் சரியான தமிழ்ச் சொல்லாகத்தான் தெரியும்.

மோல்னுபிராவிர் உடம்புக்குள் போனதும் மாறுகிற பொருள் இப்படிப்பட்ட இரட்டை எழுத்துதான். அது சைட்டோசினின் போலி. சைட்டோசினில் ஒரு மூலையில் இருக்கும் நைட்ரஜனோடு ஹைட்ராக்சில், அதாவது ஓர் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும், ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. சாதாரணச் சைட்டோசினில் ஹைட்ரஜன் அணுக்கள் தத்தம் இடத்தில் அடக்கமாக நிற்கும். பத்தாயிரத்தில், லட்சத்தில் ஒரு தடவைதான் ஒன்று இடம் மாறி, எழுத்து வேறு முகம் காட்டும். இந்த ஹைட்ராக்சில் ஒட்டிய பிறகோ இடம் மாறுவது சர்வசாதாரணம். ஒரு முகத்தில் அது சைட்டோசின், குவானைனோடு ஜோடி சேரும். மறு முகத்தில் அது யுராசில் அல்லது தைமின், அடினைனோடு ஜோடி சேரும். இரண்டு ஜோடியும் அளவிலும் அமைப்பிலும் கச்சிதமாகப் பொருந்துவதால் மெய்ப்புப் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. கொரோனா வைரஸுக்குச் சொந்தமாக ஒரு மெய்ப்பு நொதி உண்டு. அதையே இந்தப் போலி ஏய்த்துவிடுகிறது.

படிப்படியாகப் பாருங்கள். குவானைனுக்கு எதிரே, சைட்டோசின் வேடத்தில் போலி உட்காருகிறது. அடுத்த முறை இந்த இழையைப் பார்த்துப் பிரதி எடுக்கும்போது போலி தைமின் முகத்தைக் காட்டுகிறது, அடினைன் வந்து சேருகிறது. அதற்கடுத்த பிரதியில் அந்த அடினைனுக்கு எதிரே நிஜமான தைமினே உட்கார்ந்துவிடுகிறது. முதலில் குவானைன்–சைட்டோசின் இருந்த இடத்தில் இப்போது அடினைன்–தைமின். இனிமேல் அந்த இடத்தில் போலியும் இல்லை, பொருந்தாத ஜோடியும் இல்லை. இரண்டுமே அசல் எழுத்துகள். எந்தத் திருத்துபவராலும் இனி அதைப் பிழை என்று கண்டுபிடிக்க முடியாது. மரபுப்பிறழ்வு நிலைபெற்றுவிட்டது. வேதிப்பொருள் வந்து போய்விடும், கரடி காடியானது அப்படியே நின்றுவிடும்.

இது புதுச் செய்தியும் அல்ல. 1950களின் கடைசியிலேயே சீமோர் பென்சரும் எர்ன்ஸ்ட் ஃபிரீஸும் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களில் 5-புரோமோயுராசில் என்ற போலியைக் கொண்டு இதைக் காட்டினார்கள். தைமினில் ஒரு மெத்தில் தொகுதி இருக்கும் இடத்தில் புரோமின் அணுவை வைத்தால் அந்தப் போலி. பிறகு பாலூட்டிகளின் செல்களில் இதே சோதனையைச் செய்தபோது ஒரு வினோதம் தெரிந்தது. 1978இல் காஃப்மன், டேவிட்சன் என்ற இருவர், டி.என்.ஏ.வுக்குள் எவ்வளவு புரோமோயுராசில் போய்ச் சேர்ந்தது என்பதற்கும் எவ்வளவு பிறழ்வு வந்தது என்பதற்கும் நேர்த் தொடர்பு இல்லை என்று எழுதினார்கள். பிரதி எடுக்கும் நேரத்தில் எழுத்தரின் தட்டில் போலி எவ்வளவு, அசல் எவ்வளவு என்ற விகிதம்தான் அங்கே காரியம் செய்தது. தட்டில் அசல் குறைந்து போலி கூடினால், போலி தனக்கு உரியதல்லாத இடத்திலும் போய் உட்காரும். 'ஒரு மாத்திரைக்கு இத்தனை பிறழ்வு' என்று யாராலும் நேராகக் கணக்குப் போட முடியாததற்கு இது ஒரு காரணம்.

எல்லாப் போலியும் இரட்டை எழுத்து அல்ல. நிறுத்தற்குறி மாதிரி வேலை செய்பவையும் உண்டு. அக்கி வந்தால் இன்று கொடுக்கும் ஏசைக்ளோவிர் அப்படிப்பட்டது. (நம் ஊரில் குயவர் வீட்டில் காவி கொண்டு அக்கி எழுதுவார்கள். என் பாட்டி காலம் வரை எங்கள் வீட்டில் அதுதான் வைத்தியம்.) ஏசைக்ளோவிரில், அடுத்த எழுத்தைக் கோக்கும் கொக்கியே கிடையாது. அது உட்கார்ந்தால் இழை அதோடு முடிந்தது. மேலும், அந்த வைரஸின் நொதி தட்டி எழுப்பினால்தான் அது விழிக்கும், ஆகவே நோய் இல்லாத செல்லில் பெரும்பாலும் தூங்கிக்கொண்டே போய்விடும். ரெம்டெசிவிரும் இந்தப் பக்கத்து ஆள்தான். அடினோசினின் போலி, உட்கார்ந்தபின் இன்னும் மூன்று எழுத்துப் போனதும் வைரஸின் எழுத்தர் சிக்கிக்கொண்டு நின்றுவிடுவார். பிரதி நின்றால் பிழையான பிரதிக்கு வழி இல்லை. ஃபாவிபிராவிர் அப்படியல்ல. அது அடினைன், குவானைன் இரண்டு வேடமும் போடும். கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது என்று முதல் நாளிலிருந்தே சொல்லப்பட்ட மருந்து அது.

மோல்னுபிராவிர் அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து எமரி பல்கலைக்கழகத்தில் பிறந்தது. முதலில் குறிவைத்தது கொரோனாவையே அல்ல, குதிரைகளுக்கு மூளைக்காய்ச்சல் தரும் ஒரு வெனிசுவேலா வைரஸை. பெயர்கூட ஸ்காண்டிநேவியப் புராணத்தில் தோர் தேவனின் சம்மட்டியை வைத்து இட்டது. 2021 நவம்பர் 4 அன்று பிரிட்டன் முதலில் அனுமதித்தது. அதே மாதக் கடைசியில் அமெரிக்க நிபுணர் குழு 13க்கு 10 என்று மயிரிழையில் ஆதரித்து வாக்களித்தது. அமெரிக்கா டிசம்பர் 23 அன்று அவசர அனுமதி தந்தது. நம் நாட்டில் டிசம்பர் 28 அன்று அனுமதி. 13 இந்திய நிறுவனங்கள் தயாரிக்கும் என்று மத்திய அமைச்சரே அறிவித்தார். 200 மில்லிகிராம் காப்ஸ்யூல் காலையில் நான்கு, இரவில் நான்கு, ஐந்து நாள். ஆக மொத்தம் 40 காப்ஸ்யூல். ஒரு முழுக் கோர்ஸ் 1,400 ரூபாய்க்கே வந்துவிட்டது. அமெரிக்காவின் விலையோடு பார்த்தால் இது கொசுறு.

அனுமதி வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. 2022 ஜனவரி 5 அன்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவராக அப்போது இருந்த டாக்டர் பல்ராம் பார்கவா, இந்த மருந்தில் பெரிய பாதுகாப்புக் கவலைகள் இருக்கின்றன, மரபுப்பிறழ்வும் கருவில் ஊனமும் உண்டாக்கக் கூடும், எலும்புக் குருத்தையும் தசையையும் பாதிக்கக் கூடும் என்று சொல்லி, தேசியச் சிகிச்சை நெறிமுறையில் இதைச் சேர்க்கவில்லை என்றார். ஒரு கையால் அனுமதி, மறு கையால் எச்சரிக்கை! அன்று மாலை எங்கள் கட்டடத்து லிஃப்ட் அருகில் திருநெல்வேலிக்கார அண்ணாச்சி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஸார், எம் மவனுக்கு இன்னைக்கு மூணாவது நாளு மாத்திரை. டி.வி.ல என்னமோ ஜீனையே மாத்திப்புடுமின்னு சொல்லுதான். இதென்ன, மருந்தா வெசமா?"

அந்தக் கவலை எங்கிருந்து வந்தது என்றால், அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் ஸ்வான்ஸ்ட்ரம் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஒரு சோதனையிலிருந்து. நான் வேலை பார்த்த காலத்தில் கைப்படச் செய்த சோதனை முறை அது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை.

1957இல் தியோடர் பக் என்ற விஞ்ஞானி சீன வெள்ளெலி ஒன்றின் சூலகத்திலிருந்து எடுத்து வளர்த்த செல்களின் வாரிசுகள் இன்றைக்கும் உலகத்தின் ஆயிரம் ஆய்வகங்களில் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அந்தச் செல்களில் ஹெச்.பி.ஆர்.டி. என்று ஒரு மரபணு. பழைய எழுத்துகளை வீணாக்காமல் மறுபடி எடுத்துப் பயன்படுத்தும் நொதியை அது செய்கிறது. வீட்டில் பழைய பேப்பர் எடுத்துப்போகும் ரத்திவாலா என்று வைத்துக்கொள்ளுங்களேன். இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் செயல்படும் நகல் ஒன்றே ஒன்றுதான். அது கெட்டால் பதிலுக்கு ஆள் இல்லை. இப்போது வளர்ப்புத் தட்டில் 6-தயோகுவானைன் என்ற நஞ்சை ஊற்றுகிறோம். அதுவும் ஒரு போலி எழுத்துதான், குவானைனின் போலி. ரத்திவாலா நன்றாக வேலை செய்கிற செல்லில், அவர் அந்த நஞ்சையும் நல்ல சரக்கு என்று நினைத்துத் தூக்கி உள்ளே கொண்டுவந்து வைப்பார், செல் செத்துப்போகும். பிறழ்வினால் ரத்திவாலா ஒழிந்துபோன செல் மட்டும் பிழைத்து, சில நாளில் கண்ணால் பார்க்கக்கூடிய புள்ளியாக வளர்ந்து நிற்கும். புள்ளிகளை எண்ணினால் பிறழ்வை எண்ணியதாயிற்று. லட்சக்கணக்கான செல்களில் கெட்டுப்போன ஒன்றைத் தேடி நுண்ணோக்கியில் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், செத்தவை போக மிஞ்சியதை எண்ணினால் போதும். இதைக் கண்டுபிடித்தவர்களின் மூளையை நான் பல இரவு வியந்திருக்கிறேன்.

ஸ்வான்ஸ்ட்ரம் குழுவினர் மோல்னுபிராவிரின் செயல்வடிவத்தை அந்தச் செல்களுக்கு 32 நாள் கொடுத்தார்கள். மருந்தின் அளவு ஏற ஏறப் புள்ளிகளும் ஏறின. ஆர்.என்.ஏ. எழுத்தின் போலி எப்படி டி.என்.ஏ.வைத் தொட்டது? அந்த ஒற்றை ஆக்சிஜன் விவகாரம்தான். நம் செல்கள் டி.என்.ஏ.வுக்கு வேண்டிய எழுத்துகளை ஆர்.என்.ஏ. எழுத்துகளிலிருந்தே, ஓர் ஆக்சிஜனைக் கழற்றிவிட்டுச் செய்துகொள்கின்றன. அதற்கென்று ஒரு நொதி இருக்கிறது, ரைபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ் என்று பெயர். அந்த நொதி போலியிடமிருந்தும் ஆக்சிஜனைக் கழற்றிவிட்டால், ஆர்.என்.ஏ. போலி டி.என்.ஏ. போலியாகிவிடுகிறது. பிரிந்துகொண்டே இருக்கும் செல்களில்தான் இந்த வேலை மும்முரமாக நடக்கும். எலும்பு மஜ்ஜை, குடலின் உள்தோல், விந்து உற்பத்தியாகும் இடம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கருவில் வளரும் சிசு. பிரியாமல் இருக்கும் மூளை செல்லுக்கோ இதய செல்லுக்கோ இந்தப் பயம் மிகக் குறைவு.

மருந்து நிறுவனத்தார் சும்மா இருக்கவில்லை. மனிதர் சாப்பிடுவது ஐந்து நாள், நீங்கள் 32 நாள் ஊறவைத்தீர்கள் என்றார்கள். தட்டில் வளரும் செல் வேறு, உயிருள்ள பிராணி வேறு என்றார்கள். பாக்டீரியாச் சோதனையில் பிறழ்வு வந்தது உண்மை. ஆனால் எலிகளில் செய்த இரண்டு சோதனைகளில் ஒன்று பிறழ்வு கூடவில்லை என்றது, மற்றது இரண்டுங்கெட்டானாக முடிந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து ஆபத்து குறைவு என்று முடிவு செய்தது. இருந்தாலும் நிபந்தனைகள் போட்டது: 18 வயதுக்குக் கீழே கூடாது, கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரை இல்லை, பெண்கள் மருந்து முடிந்து நான்கு நாள் வரையும் ஆண்கள் மூன்று மாதம் வரையும் கருத்தடை கடைப்பிடிக்க வேண்டும்.

ஆணுக்கு ஏன் மூன்று மாதம் என்று பலர் கேட்டார்கள். மருந்து உடம்பை விட்டுப் போக ஓரிரு நாள் போதும். ஆனால் ஒரு விந்தணு உருவாகி முதிர 74 நாள் போலப் பிடிக்கும். அந்த ஐந்து நாளில் பிரதியெடுக்கப்பட்ட ஏடுகள் வெளியே போய்த் தீரட்டும் என்பதுதான் கணக்கு. அண்ணாச்சியின் மகன் ஜனவரி 7ஆம் தேதியோடு மாத்திரையை முடித்தார். ஜூலையில் மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்தபோது அந்த வீட்டில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் முதலில் வந்தது. காலண்டரை எடுத்துவைத்து நாளை எண்ணினோம். மூன்று மாதக் கெடு ஏப்ரல் முதல் வாரத்தோடேயே முடிந்திருந்தது. "அப்ப மாத்திரை பட்டது ஒண்ணும் பிள்ளைக்கு வந்திருக்காது, அப்படித்தானே ஸார்?" என்று மூன்று தடவை கேட்டார். அவர்கள் மகப்பேறு மருத்துவரும் அதையே சொன்ன பிறகுதான் தெருவுக்கு இனிப்பு வந்தது.

என் கருத்தைக் கேட்டால், அன்றைக்கு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கொஞ்சம் அழுத்திச் சொன்னது என்று தோன்றினாலும், முடிவு நல்ல முடிவுதான். ஆபத்தை எடைபோட வேண்டுமானால் தராசின் மறு தட்டில் பலன் இருக்க வேண்டும். தடுப்பூசி போடாதவர்களிடம் நடந்த முதல் பரிசோதனையில், மருத்துவமனையில் சேர்ந்தவர் அல்லது இறந்தவர் 9.7 சதவீதத்திலிருந்து 6.8 சதவீதமாகக் குறைந்தார்கள். சரி, பலன்தான். பிறகு பிரிட்டனில், பெரும்பாலும் தடுப்பூசி போட்ட 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்தபோது, மருந்து தின்றவர்களிலும் தின்னாதவர்களிலும் மருத்துவமனைக்குப் போனவர்கள் ஒரே அளவு, சுமார் ஒரு சதவீதம். காய்ச்சல் சில நாள் முன்னதாக விட்டது, அவ்வளவே. 2023இல் ஐரோப்பிய அமைப்பு பரிந்துரைக்க மறுத்தது, நிறுவனமும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் இன்னொரு தகவல்: உலகெங்கும் திரட்டிய கொரோனா மரபு வரிசைகளில், இந்த மருந்து மட்டுமே விடக்கூடிய எழுத்துப்பிழைக் கைரேகையோடு வைரஸ்கள் கிடைத்தன. மருந்தை அதிகம் பயன்படுத்திய நாடுகளில், 2022க்குப் பிறகு. சாகாமல் தப்பிய வைரஸ் பிழைகளையும் சுமந்துகொண்டு அடுத்தவருக்குப் போயிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாராவது "போலி எழுத்து மருந்து எதுவுமே வேண்டாம்பா" என்று முடிவுகட்டினால் அதைவிட வினை வேறில்லை. ஏன் என்றால் பரேல் டாடா நினைவு மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காக நம் ஊர்ப்பக்கமிருந்து வந்து, மாட்டுங்காவிலும் தாராவியிலும் சொந்தக்காரர் வீட்டில் தங்கும் குடும்பங்களை நான் அறிவேன். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைக்கு அங்கே கொடுக்கும் மாத்திரைகளில் முக்கியமானது 6-மெர்காப்டோப்யூரின். அதுவும் ஒரு போலி எழுத்து. கெர்ட்ரூட் எலியன் என்ற அம்மையார், முனைவர் பட்டம்கூட இல்லாமல், தம் தாத்தா புற்றுநோயில் இறந்ததை மறக்காமல் இந்தத் துறைக்கு வந்தவர், ஜார்ஜ் ஹிச்சிங்ஸோடு சேர்ந்து உருவாக்கியது. 1953இல் அமெரிக்காவில் அனுமதி. 1988இல் இருவருக்கும் நோபல் பரிசு. அதற்கு முன்னால் இந்த நோய் வந்த குழந்தைகள் சில மாதங்களே இருந்தார்கள்.

இந்த மாத்திரை செல்லுக்குள் போவதும் அதே ரத்திவாலாவின் கையால்தான். உள்ளே அது தயோகுவானைன் எழுத்தாகி டி.என்.ஏ.வில் உட்காருகிறது. உட்கார்ந்தவற்றில் ஒரு சிறு பங்கில் ஒரு மெத்தில் தொகுதி ஒட்டிக்கொள்ள, அது சைட்டோசினுக்குப் பதில் தைமினோடு ஜோடி சேர்ந்துவிடுகிறது. திருத்தும் கூட்டம் வந்து ஜோடி பொருந்தவில்லை என்று கண்டுபிடித்து வெட்டுகிறது. ஆனால் அது வெட்டுவது எப்போதும் புது இழையை. கோளாறோ பழைய இழையில் இருக்கிறது! மறுபடி எழுதினால் மறுபடி தைமின், மறுபடி வெட்டு. ரோட்டைத் தோண்டி மூடி, மூடித் தோண்டும் நம் மாநகராட்சி வேலை மாதிரி முடிவே இல்லாமல் போய், கடைசியில் செல் தாங்காமல் இறக்கிறது. புற்றுசெல் வேகமாகப் பிரிவதால் அதிகம் இறக்கிறது. மருந்தின் வேலையே அதுதான்.

திருத்தும் கூட்டமே கெட்டுப்போன புற்றுசெல் ஒன்று இருந்தால்? அது சாகாது. பிழைகளையும் வைத்துக்கொண்டு வாழும். 2020இல் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் நோய் திரும்பிய குழந்தைகளின் செல்களைப் படித்தபோது, சிலரிடம் இந்த மருந்தே விட்டுச்சென்ற கைரேகையையும், அதன் மூலம் மருந்துக்கு அடங்காத தன்மை வந்ததையும் கண்டார்கள். அப்படியானால் மாத்திரை கெடுதல்தானே என்று கேட்கலாம். கேட்டார்கள். தாராவி 90 அடி ரோட்டில் பேரனோடு தங்கியிருந்த ஓர் ஆச்சி, "கேன்சருக்குக் குடுக்க மருந்தே கேன்சரக் கொண்டாருமாம்லா, நான் ஒரு நாளு விட்டு ஒரு நாளுதான் குடுக்கேன்" என்று என்னிடம் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

கணக்கைச் சொன்னேன். மாத்திரையைச் சரியாகத் தின்ற குழந்தைகளில் பெரும்பாலோருக்கு நோய் திரும்புவதே இல்லை. அந்தக் கைரேகை, திரும்பியவர்களிலும் ஒரு பகுதியினரிடம்தான். மறுபக்கம், எழுதிக் கொடுத்த மாத்திரைகளில் 95 சதவீதத்துக்கும் குறைவாகச் சாப்பிட்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 95 சதவீதம் என்றால் மாதத்துக்கு ஒன்று அல்லது ஒன்றரை நாள் தவறுவதுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பது 50 சதவீதம். அரைகுறை அளவு, கெட்ட செல்லைக் கொல்லாமல் பழக்கிவிடவும் கூடும். அன்று ராத்திரியே ஆச்சி முழு மாத்திரை கொடுத்தார். மறுவாரம் மகனை அனுப்பி, விட்டுப்போன நாள்களை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லவும் வைத்தார்.

இதே குடும்பத்து மருந்து இன்னொன்று அசாத்தியோப்ரின். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களும் மூட்டு, குடல் அழற்சி உள்ளவர்களும் ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவது. அதுவும் தயோகுவானைனாகத் தோல் செல்லின் டி.என்.ஏ.வில் போய் இருக்கும். அசல் எழுத்துகள் சட்டைசெய்யாத யு.வி.ஏ. வெயிலை இந்தப் போலி உறிஞ்சிக்கொண்டு அக்கம்பக்கத்து எழுத்துகளைச் சிதைக்கிறது என்று 2005இல் காட்டினார்கள். மருத்துவர் இவர்களை முழுக்கைச் சட்டை, குடை என்று வற்புறுத்துவது அதனால்தான்.

எய்ட்ஸ் மருந்துகளையும் ஒரு வார்த்தை. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். அதற்குக் கிடைத்த முதல் மருந்து சிடோவுடின், 1964இல் புற்றுநோய்க்கென்று செய்து, பலிக்காமல் மூலையில் கிடந்த தைமின் போலி. அடுத்த எழுத்தைக் கோக்கும் கொக்கி இல்லாத ரகம். அதையும் புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியம் உள்ள பட்டியலில் சர்வதேச அமைப்பு வைத்திருக்கிறது. கர்ப்பமான எலிகளுக்கு நிறையக் கொடுத்தபோது குட்டிகளுக்குக் கட்டிகள் வந்தன. ஆனால் 1994இல் முடிந்த ஆய்வில், தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவது 25.5 சதவீதத்திலிருந்து 8.3 ஆகக் குறைந்தது. நூறு பிள்ளைகளில் பதினேழு பேர் தப்பினார்கள். எந்தத் தட்டு தாழும் என்று நானா சொல்ல வேண்டும்? 2001 பிப்ரவரியில் நம் மும்பை சிப்லா நிறுவனம் ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று உலகத்தை அதிரவைத்த மூன்று மருந்துக் கூட்டிலும் இரண்டு, போலி எழுத்துகளே.

6-மெர்காப்டோப்யூரின் விஷயத்தில் நம்மவர்களுக்கு முக்கியமான ஒன்று பாக்கி இருக்கிறது. உள்ளே போன போலியை எழுத்தர் எடுக்குமுன் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதி நம் எல்லோரிடமும் உண்டு. நூட்-15 என்று அழைப்பார்கள். அந்த மரபணுவில் பிறவியிலேயே ஒரு சின்ன மாற்றம் இருந்தால் போலி அளவுக்கு மேல் டி.என்.ஏ.வில் சேர்ந்து, வெள்ளணுக்கள் கிடுகிடுவென்று இறங்கிவிடும். 2014இல் கொரிய நோயாளிகளிடம் இது முதலில் தெரியவந்தது. ஐரோப்பியர்களிடம் அபூர்வம், ஆசியர்களிடம் அடிக்கடி, நம் இந்தியக் குழந்தைகளிடமும் காணப்படுகிறது. வெள்ளைக்காரக் குழந்தைக்கு எழுதிய அளவு நம் குழந்தைக்குச் சில வேளை தாங்காமல் போவதற்கு இது ஒரு காரணம். ஒரு சிறு ரத்த மாதிரியில் இதைப் பார்த்துவிடலாம். வெள்ளணு எண்ணிக்கை காரணமில்லாமல் விழுகிறது என்றால் மாத்திரையை வீட்டில் நிறுத்தாமல், இந்தப் பரிசோதனை செய்தாயிற்றா, அளவைக் குறைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாற்றம் இருக்கிறது என்று தெரிந்தால், மாத்திரையின் அளவை வெகுவாகக் குறைத்து, ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்தபடியே சிகிச்சையைத் தொடருவார்கள்.